மீன்தொட்டி வைத்தும் நித்திரை வரவில்லையா? குறை எங்கே என்று பார்ப்போம்

மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் ஆறும் என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஆரோன் கற்சர், அலன் பெக் முதலான ஆய்வாளர்கள் மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்தவர்களின் இரத்த அழுத்தம் இறங்குவதை அளந்து காட்டினார்கள். 2015இல் வெளியான, இங்கிலாந்தின் பிளிமவுத் நகரத்துப் பெரிய மீன்காட்சியகத்தில் நடந்த ஆய்விலும் பார்வையாளர்களின் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கின. ஆனால் இவை அளந்தது முழித்திருக்கும் ஆளின் ஆறுதலை. நித்திரையை அவர்கள் அளக்கவில்லை. கடையில் தொட்டி விற்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

என் கணிப்பில், தொட்டியின் வேலை நாம் பாயில் சாய்வதற்கு முந்திய ஒன்று இரண்டு மணித்தியாலத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகும் அதன் வெளிச்சமும் சத்தமும் தொடர்ந்தால், ஆறுதல் தந்த அதே தொட்டி நித்திரையைக் கெடுக்கும். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னி வீடுகளில் கேட்கிற முறைப்பாடுகளில் பாதி இதில்தான் வந்து நிற்கும். மீதிப் பாதிக்குக் காரணம் எங்கள் கிணற்றுத் தண்ணீர், வெக்கை, கரண்ட். உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

"தொட்டிக்கு முன்னால் இருக்கச் சுகமாக இருக்கு, படுத்தால் நித்திரை வருகுதில்லை"

முதலில் வெளிச்சத்தைச் சந்தேகப்படுங்கள். தொட்டியோடு சேர்த்து விற்கிற எல்.இ.டி பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை. மீனின் நிறம் அதில் எடுப்பாகத் தெரியும், அதனால் விற்கிறார்கள். எங்கள் கண்ணிலோ, காட்சி பார்ப்பதற்கு இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்கு அறிவிப்பதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன. 2002ஐ ஒட்டித்தான் இவை தெளிவாக அறியப்பட்டன. 480 நானோமீற்றரை அண்டிய நீல ஒளிக்கு இவை கூடுதலாகத் துலங்கும். அந்த ஒளி பட்டால் "இன்னும் பகல்தான்" என்ற செய்தி போகும், நித்திரைக்கு உடம்பைத் தயாராக்கும் மெலற்றோனின் என்ற ஹோமோன் சுரப்பது பின்தள்ளிப் போகும்.

2022இல் நித்திரை, ஒளி ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரை இப்படிச் சொல்கிறது: படுப்பதற்கு முந்திய மூன்று மணித்தியாலத்தில் கண்ணுக்கு வருகிற வெளிச்சம் 10 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது, நித்திரையில் 1 லக்ஸுக்கு மேல் கூடாது. அந்தக் கலங்களின் உணர்திறனை வைத்துக் கணக்கிட்ட லக்ஸ் அது, போனில் இருக்கிற அளவைமானி அதைச் சரியாகக் காட்டாது. வீட்டுக்கு ஒரு எளிய சோதனை போதும். தொட்டிக்கு முன்னால் இருந்து பேப்பர் விரித்துப் பாருங்கள். வாசிக்கச் சிரமமாக இருந்தால் கிட்டத்தட்டச் சரி. சின்ன எழுத்தும் துலக்கமாகத் தெரிந்தால் வெளிச்சம் கூட.

செலவு குறைந்த வழி இதுதான். தொட்டியின் சொந்த லைற்றைப் பின்னேரம் ஏழு, ஏழரைக்கே நிறுத்துங்கள். தொட்டிக்குப் பக்கத்தில், கண் மட்டத்துக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி மஞ்சள் பல்ப் ஒன்றைப் போடுங்கள். கடையில் "வோர்ம் வைற்" என்று கேட்க வேண்டும். பெட்டியில் 2700 அல்லது 3000 என்று, வெளிச்சத்தின் நிறத்தைக் காட்டுகிற கெல்வின் எண் இருக்கும். 6500 என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மூன்று வாட் தாராளம். சுவரில் பட்டு வருகிற வெளிச்சத்தில் மீன் அசைவது தெரிந்தால் போதும், செதில் எண்ண வேண்டியதில்லை.

சில லைற்றில் "நிலா வெளிச்சம்" என்று நீல நிறத்துக்குத் தனிச் சுவிச் இருக்கும். பார்க்க அமைதியாக இருக்கும்தான், ஆனால் நித்திரைக்கு ஆகாத நிறம் அதுவே. இரவில் அந்தச் சுவிச்சைத் தொட வேண்டாம். வேறு லைற் வாங்க வசதி இல்லையென்றால், அன்பளிப்புப் பொதி சுற்றுகிற செம்மஞ்சள் செலோபேனைத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் விரிக்கலாம். பல்ப்பைத் துணியால் சுற்றுவது மட்டும் கூடாது, தீப்பிடிக்கும்.

தொட்டி வெளிச்சத்தை மாற்றியும் பயனில்லையென்றால் மேலே பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஹோலுக்கு நடுவில் பளீரென்று ஒரு வெள்ளை பல்ப், அதன் கீழ் இந்தத் தொட்டி. மேலே எரிகிறதை அணைக்காமல் தொட்டி வெளிச்சத்தை மட்டும் மஞ்சளாக்கி என்ன பயன்? 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள், மண்ணெண்ணெய் எரிகிற ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த தலைமுறைக்கு மங்கல் மஞ்சள் வெளிச்சம் என்றால் இல்லாமைதான் நினைவுக்கு வரும். வெள்ளை பல்ப் மேல் இத்தனை ஆசை வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் மண்ணெண்ணெய்ச் சுடரின் நிறம் 2000 கெல்வினுக்கும் கீழே. கண்ணுக்கு இரவு வந்துவிட்டது என்று சரியாகச் சொன்ன விளக்கு அது. (விளக்கைத் திரும்பக் கொளுத்தச் சொல்லவில்லை. நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

வெளிச்சம் எல்லாம் சரி, இன்னும் வரவில்லையா? படுத்து இருபது நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழும்பி வந்து, அந்த மங்கல் வெளிச்சத்தில் தொட்டி முன்னால் இருங்கள். போன் வேண்டாம், மீனுக்கு இரை போடவும் வேண்டாம். கண் சொருகும்போது திரும்பப் போய்ப் படுங்கள். நித்திரையின்மைக்கு வைத்தியர்கள் சொல்லிக்கொடுக்கிற முறைகளில் இதுவும் ஒன்று. படுக்கை என்றால் நித்திரை என்று உடம்புக்குப் பழக்குவதுதான் நோக்கம். அதனாலேயே தொட்டியைப் படுக்கையறையில் வைக்காமல் ஹோலிலோ விறாந்தையிலோ வைக்கச் சொல்கிறேன். அப்புறம் இன்னொன்று: பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பிளேன்ரீ குடித்துவிட்டுத் தொட்டியைக் குறை சொல்லக்கூடாது.

"நடுச்சாமத்தில் திடீரென்று முழிப்பு வருகுது"

கரண்ட் நின்று வந்த இரவா என்று முதலில் யோசியுங்கள். இரவு ஒன்பதுக்குக் கரண்ட் போகிறது, லைற்றை நிறுத்தாமலே எல்லோரும் படுத்துவிடுகிறார்கள். இரண்டு மணிக்கு வருகிறது. தொட்டி முழு வெளிச்சத்தில் பகலாகிவிடும், மீன்களும் பதறும். பல்ப்பில் உள்ள சுவிச்சை நம்பாமல் சுவர்ச் சுவிச்சிலேயே நிறுத்திவிட்டுப் படுப்பதுதான் தீர்வு.

ரைமர் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நுணுக்கமான சிக்கல் உண்டு. வட்டச் சில்லுச் சுற்றுகிற மலிவு ரைமர் கரண்டில்தான் ஓடும். மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லையென்றால் அது மூன்று மணித்தியாலம் பின்தங்கும். ஏழரைக்கு நிற்க வேண்டிய லைற் பத்தரைக்கு நிற்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது இந்த ரைமர்கள் இரவைப் பகலாக்கி வைத்தன. இப்போது அப்படியில்லை என்றாலும், மாரிக் காற்றில் கம்பி அறுந்தால் கதை அதேதான். உள்ளே பற்றரி உள்ள டிஜிற்றல் ரைமர் நேரத்தைக் காக்கும். இல்லையென்றால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் சில்லைக் கையால் திருத்துங்கள்.

மின்வெட்டு காட்டிக்கொடுக்கிற இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காற்றுப் பம்ப் தொட்டிக்குக் கீழே இருந்தால், அது நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னால் இறங்கிப் பம்ப்புக்குள் போகலாம். கரண்ட் வரும்போது அது பொல்லாத வேலை. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு ஒன்று போடுங்கள், விலை சொற்பம். வயரைப் பிளக்குக்கு நேரே கொண்டுபோகாமல் ஒரு வளைவு கீழே தொங்க விட்டால், வடிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுவது பழக்கமாக வேண்டும்.

"சத்தம் தாங்க முடியவில்லை"

என்ன சத்தம் என்று பிரித்துக் கேளுங்கள்.

ஒரே சீராக "ம்ம்ம்" என்று இரைந்தால் அது காற்றுப் பம்பின் அதிர்வு, மேசை வழியாகப் பெருகி வருகிறது. பம்பைக் கையில் தூக்கிப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறைந்தால் பம்பில் பிழையில்லை, அது இருந்த இடம்தான் பிழை. பழைய இறப்பர்ச் செருப்பை வெட்டிக் கீழே வைத்தாலே அடங்கும், அல்லது கயிற்றில் தொங்க விடுங்கள். குழாய் கண்ணாடியைத் தொட்டு அதிர்கிறதா என்றும் பாருங்கள்.

சலசலவென்று தண்ணீர் விழுகிற சத்தம் நாளுக்கு நாள் கூடினால் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறது. தொங்குகிற பில்ரரிலிருந்து விழும் உயரம் கூடக்கூடச் சத்தமும் கூடும். சோளகம் வீசுகிற மாதங்களில் வன்னியில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று வற்றும். ஒரு செம்பு தண்ணீரில் தீர்கிற பிரச்சினைக்குப் பில்ரரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடகடவென்ற சத்தம் என்றால் பில்ரர்ச் சுழலிக்குள் மணல். கழற்றிக் கழுவினால் போகும். குமிழ்கள் பெரிதாகி "பொளக் பொளக்" என்றால் காற்றுக்கல் சுண்ணாம்பால் அடைத்துவிட்டது. வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்துக் கழுவிப் பாருங்கள், சரிவராவிட்டால் புதுக்கல் வாங்குங்கள்.

"இரவில் பம்பை நிறுத்தலாமா?" எல்லோரும் கேட்கிற கேள்வி. பல மீன்கள் உள்ள தொட்டியில் வேண்டாம். 25 பாகைச் செல்சியஸில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசன் கரைந்திருக்கக்கூடிய தண்ணீர், 32 பாகையில் 7.3 அளவுதான் பிடிக்கும். சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடும். வெளிச்சமில்லாதபோது செடிகளும் ஒட்சிசனைத்தான் எடுக்கும். சத்தமே வேண்டாம் என்றால் பம்பை நிறுத்தாதீர்கள், மீனை மாற்றுங்கள். தனி பைட்டர் மீன் ஒன்று, கொஞ்சம் செடி, பதினைந்து இருபது லீற்றர்த் தண்ணீர். பைட்டருக்கு மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு, பம்ப் இல்லாமலும் இருக்கும். விறாந்தையில் சீமெந்துத் தொட்டியில் அல்லிக் கொடியும் நாலைந்து கப்பியும் விட்டாலும் கரண்டே தேவையில்லை. உண்மையைச் சொன்னால் வன்னி வீட்டுக்கு அந்தச் சீமெந்துத் தொட்டியைத்தான் நான் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் சொல்வேன்.

இந்தச் சத்த விடயத்தில் ஒன்றை அலட்சியம் செய்ய வேண்டாம். 2009இல் போர் முடிவதற்கு முந்திய மாதங்களில் வேவு விமானத்தின் ஓயாத இரைச்சலுக்குக் கீழே பதுங்கிக் கிடந்தவர்கள் இந்த மண்ணில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பம்பின் சீரான ரீங்காரம் அவர்களில் ஒருவரை அந்தரப்படுத்தினால் "பழகினால் சரியாகிவிடும் அம்மா" என்று சொல்லி வைத்திருக்கக்கூடாது. அன்றே நிறுத்துங்கள். பம்ப் இல்லாத தொட்டி அந்த வீட்டுக்கு ஏற்றது. முழு இருட்டும் சிலருக்கு ஒத்துவராது. அப்படியானவர்களுக்குக் கால்மாட்டில், தரையோடு, மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று இரவு முழுக்க எரிந்தால் குற்றமில்லை. கண்ணுக்கு நேரே வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

"விடியப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்குது"

மீன் சாகுதோ என்ற யோசனையில் படுக்கிறவருக்கு எந்த வெளிச்சமும் உதவாது. ஆகவே இதையும் நித்திரைப் பிரச்சினையாகவே எடுங்கள்.

விடியற்காலையில் மட்டும் மேலே வந்து, பகல் ஏறச் சரியானால் ஒட்சிசன் பற்றாக்குறை. காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், மீனின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தகரக் கூரை வீட்டில் சித்திரை வைகாசியில் தண்ணீரே வெந்துகிடக்கும். கண்ணாடி மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீரின் மேல் விசிறி படும்படி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும்.

நாள் முழுக்க மேலேயே நின்று, செவுளும் சிவந்திருந்தால் அமோனியா அல்லது நைத்திரைற்று, இரண்டும் கழிவிலிருந்து வருகிற நஞ்சு. புதுத்தொட்டியில் கழிவைச் சிதைக்கிற பற்றீரியா நிலைகொள்ள நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதற்குள் மீனை நிறையப் போட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், இரையை ஒரு நாள் நிறுத்துங்கள், பிறகும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவே போடுங்கள். பில்ரர் ஸ்பொஞ்சைக் கிணற்றடியில் தேய்த்துக் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். இல்லாவிட்டால் உள்ள பற்றீரியாவும் போய்விடும்.

மாற்றுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. வாய்திறந்த வாளியில் ஒரு நாள் வையுங்கள், அல்லது கடையில் விற்கிற குளோரின் நீக்கியில் சில துளி விடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை என்று துணிந்து ஊற்றுவதும் எப்போதும் சரிவராது. மாரி வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். நேற்றுவரை நன்றாக இருந்த மீன் இன்று கூட்டமாகச் செத்தால், கிணற்றுக்கு யாராவது வந்தார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீரையும் பரலில் பிடித்து ஓரிரவு காற்று விட்டபின் பாவிப்பது நல்லது.

"டெட்ரா நிற்குதே இல்லை"

கேத்திலுக்குள் வெள்ளைப் படலம் பிடிக்கிற தண்ணீரா? அப்படியென்றால் சுண்ணாம்பு கூடிய வன்னீர். டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் மென்னீர் மீன்கள், அவற்றை விடுங்கள். கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் இந்தத் தண்ணீரைத்தான் விரும்பும். ஆண் கப்பிகளை மட்டும் வாங்குங்கள். பெண் கப்பி ஏறத்தாழ மாதத்துக்கொரு தடவை குஞ்சு போடும், பிறகு எங்கே விடுவது என்று யோசித்தே நித்திரை போய்விடும்.

"தண்ணீர் கலங்குது, பச்சையாகுது"

புதுத்தொட்டியில் பால்போலக் கலங்கினால் பொறுத்திருங்கள், தானாகத் தெளியும். பச்சை என்றால் வெயில் படுகிறது அல்லது லைற் கூட நேரம் எரிகிறது. நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் போதும். மீனுக்கும் இரவில் இருட்டு வேண்டும், அதற்குக் கண் மூட இமை கூடக் கிடையாது. கண்ணாடியில் வெள்ளைக் கோடு சுண்ணாம்பு. வெளிப்பக்கத்தை வினாகிரித் துணியால் துடைக்கலாம்.

"லைற் போட்டால் பூச்சி வந்து நிறையுது"

முதல் மழைக்கு ஈசல் கிளம்புகிற நாட்களில் வெள்ளை லைற்றுள்ள தொட்டி ஈசல் மிதக்கிற சட்டியாகிவிடும். மஞ்சள், செம்மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும், நித்திரைக்கு வைத்த பல்ப் இதற்கும் உதவும். ஈசலைத் தின்கிற பல்லியும் தொட்டிக்குள் விழும், ஆகவே வலை மூடி கட்டாயம். நுளம்பைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: மீன் உள்ள தொட்டியில் கூத்தம்பி தப்பாது, கப்பிக்கு அது விருந்து. மீன் செத்தபின் மூலையில் மறந்து வைத்த தொட்டிதான் டெங்கு நுளம்புக்கு வீடு.

"பார்க்கிறேன், ஆனால் மனம் ஆறுகுதில்லை"

உள்ளே என்ன மீன் என்று பாருங்கள். குளத்தில் பிடித்த திலாப்பியாக் குஞ்சை விட்டால் அது வளர்ந்து மற்றதைத் துரத்தும். சண்டையைப் பார்த்து யாருக்கு மனம் ஆறும்? வெறும் தொட்டியில் ஒற்றைப் பொன்மீன் சுற்றுவதும் அலுக்கும். பிளிமவுத்தில் வெறுமையாக இருந்த பெருந்தொட்டியில் மீன் வகைகளைக் கூட்டக்கூட, ஆட்கள் கூடுதல் நேரம் நின்று பார்த்தார்கள். வீட்டுத் தொட்டியில் கூட்டத்துக்கு எல்லை இருக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஏறத்தாழ 57 லீற்றர்தான். பத்துப் பன்னிரண்டு கப்பிக்குமேல் வேண்டாம். தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து எழுபது கிலோவைத் தாண்டும் என்பதால் ஆடுகிற மேசையில் வைக்கவும் கூடாது. ஒரு கதிரையைப் போட்டு, இருந்தபடி தொட்டியின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வருமாறு உயரத்தைச் சரிசெய்யுங்கள். நின்று பார்த்துவிட்டுப் போகிற தொட்டி அலங்காரத்துக்கு மட்டும்தான்.

"எல்லாம் செய்தாயிற்று, ஒன்றும் சரிவரவில்லை"

கிழமைக்கு மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாக நித்திரை சரியில்லையென்றால் அது தொட்டியால் தீர்கிற காரியம் இல்லை. குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புவது, அதே பயங்கரக் கனவு திரும்பத் திரும்ப வருவது, உயிர் மேலேயே வெறுப்பு வருவது, இவற்றுக்கு மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். "விசர் ஆஸ்பத்திரிக்குப் போறாள்" என்று சனம் கதைக்கும் என்று பயந்து, இன்னும் ஒரு பெரிய தொட்டி வாங்குவது வீண்செலவு.

தொட்டியே வேண்டாம் என்று முடிவெடுத்தால்

மீன்களைத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ கொண்டுபோய் விட வேண்டாம், வீட்டு வாய்க்காலிலும் வேண்டாம். தொட்டி துப்புரவாக்க வாங்கிய சக்கர் மீன் இப்படி விடப்பட்டுத்தான் நாட்டின் நீர்நிலைகளில் பரவிக் கிடக்கிறது. அதன் முள்ளில் வலை கிழியும் மீனவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். வெறும் தொட்டியை மழை படாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். மஞ்சள் பல்ப்பைக் கழற்றாதீர்கள், அது தொட்டி இல்லாமலும் வேலை செய்யும்.